ராசியான களம்

பெண்ணுக்கு மாலை தட்டிப்போனால் மற்ற ஊர்க்காரர்கள் ஜோசியரைத் தேடிப் போவார்கள். தென்காசிக்காரர்கள் நம்பிராஜனின் சிலம்பக் களத்தைத் தேடிப் போனார்கள். இதில் நம்பிராஜன் செய்த குற்றம் ஒன்றுமில்லை. அவர் பாவம், பெண்களை வீராங்கனைகளாக்கத்தான் ஆசைப்பட்டார்.

மாகாணத்தில் காங்கிரஸ் மந்திரிசபை வந்த புதிதில், ஊருக்கு ஊர் சங்கங்கள் முளைத்தபோது, அவரும் தமது அரிசி மில்லுக்குப் பின்னால் கிடந்த நெல் களத்தை ஓலைத் தட்டி கட்டி மறைத்து, 'மாதர் தேகப்பயிற்சி சங்கம்' என்று பலகை மாட்டினார். சிலம்பம் சொல்லிக்கொடுக்கத் தளவாய் அண்ணாவியை அமர்த்தினார். முதலில் சேர்ந்தவர்கள் நாலே பெண்கள். அந்த நாலில் மூன்று பேருக்கு வந்த தை மாதமே கல்யாணம் முடிந்துவிட்டது. தை மாதத்தில் கல்யாணம் நடப்பது உலகத்தில் இல்லாத அதிசயமா என்று ஊர் கேட்கவில்லை. மூன்றில் ஒருத்தி மூல நட்சத்திரக்காரி என்பதுதான் ஊர் கண்ணில் பட்டது.

"மூலத்துக்கே மாலை விழுந்துட்டுன்னா, அந்த மண்ணுல என்னமோ இருக்குடீ" என்று பெண்கள் படித்துறையில் பேசிக்கொண்டார்கள். அவ்வளவுதான். செவ்வாய் தோஷம், முகத்தில் அம்மைத் தழும்பு, மாமன் மகன் கைவிட்டது என்று வீட்டுக்கு வீடு தேங்கிக் கிடந்த பெண்களெல்லாம் களத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஒரு மண்டலம் கம்பு பிடிப்பதாக நேர்ந்துகொண்டு வந்தார்கள். தாய்மார்கள் கம்பு சாத்தி வைத்திருந்த மூலைக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார்கள். ஒருத்தி சூடம்கூட ஏற்றிப் பார்த்தாள். ஓலைத் தட்டியில் பற்றிக்கொள்ளும் என்று அண்ணாவி ஓடிவந்து ஊதி அணைத்தார்.

அண்ணாவிக்கு ஒரு முறை உண்டு. புதிதாக ஒரு பிள்ளை களத்தில் கால் வைத்தால், இருக்கிற பிள்ளைகள் எல்லாரும் அவளோடு சேர்ந்து மறுபடியும் வணக்க வரிசையிலிருந்து தொடங்கவேண்டும். மண்ணைத் தொட்டு, கம்பைத் தொட்டு, நாலு திக்கும் கும்பிட்டு முடிக்கவே பல நாள் பிடிக்கும். அவர் நடத்திவந்த ஆண்கள் களத்தில் வருஷத்துக்கு ஒரு தடவை ஆள் சேர்ந்ததால் இந்த முறை அங்கே நன்றாகத்தான் நடந்தது. இங்கே வெள்ளிக்கு வெள்ளி ஒரு பெண் புதிதாக வந்தாள், ஒருத்தி மாலை விழுந்து போனாள். கடைசியில் தென்காசியில் கம்பைக் கையில் வைத்துக்கொண்டு அழகாகக் கும்பிடத் தெரிந்த பெண்கள் தெருவுக்குத் தெரு இருந்தார்கள். அடிக்கத் தெரிந்தவள் ஒருத்திதான் இருந்தாள்.

அவள் தங்கத்தாய். முதலில் சேர்ந்த நாலு பேரில் மிஞ்சியவள். அவளுக்கு மாமன் மகன் ரங்கூனில் இருந்தான். வருகிற தைக்கு வந்து தாலி கட்டுவான் என்று பேச்சு. தை வரும், அவன் வரமாட்டான். "ஊருக்கெல்லாம் பலிக்கிற மண்ணு எம் புள்ளைக்குப் பலிக்கலையே. கடல் தாண்டி ராசி போகாது போலிருக்கு" என்று அவள் அம்மா குருவம்மாள் மூக்கைச் சிந்துவாள். தங்கத்தாயும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்வாள். உள்ளுக்குள், ரங்கூன் முதலாளி நீடூழி வாழட்டும், அத்தானுக்கு லீவே கொடுக்காமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்வாள்.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. ஒரு ஆட்டம். மற்றவர்கள் கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போன பிறகு, அண்ணாவியிடம் நச்சரித்து வீச்சு, தடுப்பு, காலடி எல்லாம் படித்துவிட்டாள். காற்றை அடித்து அடித்துக் கை காய்த்துவிட்டது. எதிரே ஒரு கம்பு நிஜமாக வரவேண்டும், அது எங்கே விழும் என்று தெரியாமல் நிற்கவேண்டும், அந்த ஒரு நொடிக்காகத்தான் அவள் ஏங்கினாள். அண்ணாவி சொல்லிக்கொடுப்பாரே தவிர சிஷ்யையோடு மோதமாட்டார். ஆம்பிளைப் பையன்களோடு மோதவிட்டால் ஊர் களத்தையே கொளுத்திவிடும். ஆக, இன்னொரு பெண்தான் வேண்டும்.

பெண்களுக்கா பஞ்சம்? ஒவ்வொருத்தியாகப் பிடித்து அவளே பழக்கினாள். காலடி திருந்தி, கண் கம்பின் நுனியில் நிற்க ஆரம்பிக்கும். சரியாக அந்த வாரம் அந்தப் பெண்ணின் வீட்டுக்குத் தாம்பூலத் தட்டு வந்துவிடும். "அக்கா, நீங்க மொத ஆளா வந்து நிக்கணும்" என்று சிரித்துக்கொண்டே குங்குமச் சிமிழை நீட்டுவாள். தங்கத்தாயும் போவாள், மொய் எழுதுவாள், மறுவீட்டு விருந்தில் தேங்காய்ப்பால் சொதியைச் சாப்பிடுவாள். அந்தச் சொதி எந்த வீட்டிலும் அவளுக்கு ருசித்ததில்லை.

நம்பிராஜனுக்கு இந்தக் கவலை கிடையாது. ஆண்டு விழாவில் புதிதாகச் சேர்ந்த பெண்கள் எத்தனை பேர் என்பதைத்தான் அவர் பேசுவார். போனவர்களைப் பற்றிப் பேச அவருக்கு நேரம் இருப்பதில்லை.

மூன்றாம் வருஷம் ஆவுடைத்தாய் வந்தாள்.

ஆவுடைத்தாய் கடையத்தில் வாழ்க்கைப்பட்டுத் திரும்பி வந்தவள். புருஷன் நல்லதம்பி, பெயரோடு சரி. கை நீட்டுகிறவன். ஒருநாள் அவன் ஓங்கிய கையை இவள் பிடித்துவிட்டாள் என்பதற்காக, டிரங்குப் பெட்டியோடு பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டான். தாய் வீட்டில் இரண்டு வருஷமாக வாழாவெட்டி என்ற பட்டத்தோடு உட்கார்ந்திருந்தாள். மாலை விழவைக்கிற மண் பிரிந்த புருஷனையும் கொண்டுவந்து சேர்க்காதா என்று அவள் அம்மாதான் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

தங்கத்தாய் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். நீண்ட கை. தரையில் அழுந்தி நிற்கிற கால். இவளை யார் வந்து கொண்டுபோகப் போகிறார்கள் என்ற நினைப்பு முதலில் வந்தது. அது நல்ல நினைப்பில்லை என்ற நினைப்பு இரண்டாவதாகத்தான் வந்தது. வந்த வேகத்தில் போயும்விட்டது.

மற்ற பெண்களுக்கு ஒரு வருஷத்தில் வராதது ஆவுடைத்தாய்க்குச் சீக்கிரமே வந்தது. அவளுக்கு அடி எங்கிருந்து வரும் என்று முன்கூட்டியே தெரிந்தது. கடையத்தில் அந்தப் படிப்பை நன்றாகப் படித்திருந்தாள். தடுக்கத்தான் யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. சித்திரை கழிந்து வைகாசி பிறந்தபோது இரண்டு பேரும் கம்பு கோத்து நின்றார்கள். முதன்முதலாக ஒரு வீச்சு தங்கத்தாயின் தடுப்பைத் தாண்டி வந்து தோளில் இறங்கிற்று. வீட்டுக்குப் போய் அந்தக் கன்றிப்போன இடத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். கழுத்து நிறைய நகை போட்டவள்கூட அப்படிப் பூரித்திருக்கமாட்டாள்.

விஷயம் நம்பிராஜன் காதுக்குப் போயிற்று. குற்றாலத்தில் சீசன் கூட்டத்துக்கு முன்னால் பெண்களுக்குள் சிலம்பப் போட்டி என்று நோட்டீஸ் அடித்து, ஆடி மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமையையும் குறித்துவிட்டார். "ஐரோப்பாவுல சண்டை நடக்குது. நம்ம பொம்பளையளும் தயாரா இருக்கணும்லா?" என்றார். ஹிட்லர் தென்காசிக்கு வந்தால் நாலு திக்கும் கும்பிட்டு வரவேற்கத்தான் மற்ற பெண்கள் தயாராக இருந்தார்கள். அதை அவரிடம் யார் சொல்வது?

போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஆவுடைத்தாயின் அம்மா வெற்றிலை பாக்கு, தேங்காய், பழத்தோடு களத்துக்கு ஓடிவந்தாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

"பலிச்சிட்டு தாயி, பலிச்சிட்டு! மாப்பிள்ளை ஆள் விட்டிருக்காரு. கூட்டிட்டுப் போறாராம்!"

களத்தில் இருந்த தாய்மார்கள் குலவையிட்டார்கள். தங்கத்தாய் கையிலிருந்த கம்பை மூலையில் சாத்தினாள். பிறகுதான் விவரம் வெளியே வந்தது. நல்லதம்பியின் தாயார் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டிருந்தாள். கஞ்சி காய்ச்ச ஆள் இல்லை. குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவன், அப்படியே பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லியனுப்பியிருந்தான்.

மறுநாள் காலையில் தங்கத்தாய் ஆவுடைத்தாய் வீட்டுக்குப் போனாள். ஆவுடைத்தாய் முற்றத்தில் சுள்ளி ஒடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏளா, நல்லா யோசிச்சியா? அடிக்கிற கை திருந்தும்னா நெனைக்க? மாமியாளுக்குப் பீ மூத்திரம் அள்ளத்தான் கூப்பிடுதான்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா போற?"

ஆவுடைத்தாய் சுள்ளியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "இது எனக்காகச் சொல்லுதியா, ஒனக்காகச் சொல்லுதியா?"

தங்கத்தாயின் நாக்கில் பொய் தயாராகத்தான் இருந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல வரவில்லை.

"ரெண்டுந்தான்" என்றாள்.

"நெசத்தைச் சொல்லிட்ட." ஆவுடைத்தாய் மறுபடியும் சுள்ளியை எடுத்தாள். "எங்க அம்மை ரெண்டு வருசமா நல்லது கெட்டதுக்கு ஒரு வீட்டுக்குப் போகலை. எல்லாரும் மூஞ்சியைப் பாத்து, 'மக எப்ப போறா'ன்னு கேக்காவ. அவளுக்காகப் போறேன். ஆட்டம் முடியட்டும், அதுக்குப் பெறவு வாரேம்னு சொல்லிவிட்டிருக்கேன். ஒனக்கு அந்த ஒரு ஆட்டம் உண்டு."

அந்த ஒரு ஆட்டத்தையாவது ஆசை தீர ஆடிவிடலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டு தங்கத்தாய் திரும்பினாள். தெரு முனையில் ஆவுடைத்தாயின் அம்மா வழி மறித்தாள், கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தாயி, ஒங் காலைப் பிடிச்சுக் கேக்கேன். மாப்பிள்ளை பாக்க வருதாரு. நீயே ஜெயிச்சிரு. இவ சாதுவா நாலு அடி வாங்கிட்டு நின்னான்னா, பொண்டாட்டி அடங்கிட்டான்னு அவரு மனசு குளுந்துரும். அவகிட்டயும் சொல்லிட்டேன். சரின்னுட்டா."

மூன்று வருஷம் காத்திருந்து கிடைத்த ஆட்டத்துக்கு வந்த கதியைப் பாருங்கள். தங்கத்தாய் கையை உருவிக்கொண்டு நடந்தாள். அவளுக்குக் கோபம் வந்தது. ஆவுடைத்தாய் மேல் வந்ததா, அவள் அம்மா மேல் வந்ததா, யாரோ ஒருத்தியின் இடுப்பு ஒடிந்ததற்கெல்லாம் தேங்காய் உடைக்கிற ஊரின் மேல் வந்ததா என்று அவளுக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை குற்றாலத்தில் நல்ல சாரல். பேரருவியில் தண்ணீர் கொட்டுகிற இரைச்சல் கடைத்தெரு வரைக்கும் கேட்டது. எண்ணெய் தேய்த்துக் குளித்த கூட்டம் ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, வேடிக்கை எங்கே என்று திரிந்தது. வேடிக்கை இங்கே என்று நம்பிராஜன் தண்டோரா போட்டிருந்தார். கயிறு கட்டிய மைதானத்தைச் சுற்றிப் பெண்களும் தாய்மார்களும் ஒரு பக்கம், ஆண்கள் மூன்று பக்கம். முன் வரிசையில் நல்லதம்பி நாலைந்து சேக்காளிகளோடு மங்குஸ்தான் பழத்தை உடைத்துத் தின்றுகொண்டு நின்றான்.

இரண்டு பேரும் புடவையைத் தார் பாய்ச்சிக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். கம்பு நுனியில் எண்ணெயில் குழைத்த கரி பூசியிருந்தது. யார் உடம்பில் கரி அதிகம் படுகிறதோ அவர் தோற்றவர். நெற்றியில் தொட்டுவிட்டால் அதோடு ஆட்டம் முடிந்தது.

அண்ணாவி துண்டை வீசினார். தங்கத்தாய் முதல் வீச்சு வீசினாள். ஆவுடைத்தாய் தடுக்கவில்லை. கரி அவள் புஜத்தில் பட்டது. அடுத்தது இடுப்பில் பட்டது. காலடி எல்லாம் தப்பு. தடுப்பு ஒரு மூச்சு பிந்தி வந்தது. வேண்டுமென்றே விலாவைத் திறந்து காட்டிக்கொண்டு நின்றாள். தாய்மார்கள் பக்கமிருந்து அவள் அம்மா தலையை ஆட்டி ஆட்டி ரசித்தாள்.

தங்கத்தாய் ஒரு கணம் அந்தத் திறந்த விலாவைப் பார்த்தாள். குத்தினால் ஜெயிப்பு. கம்பை இறக்கினாள்.

"அடிட்டி" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

"நீ அடி. முடிச்சிரு."

"நான் அடிக்க மாட்டேன். காத்தை அடிச்சு அடிச்சே எனக்குச் சலிச்சுப்போச்சு. நீயும் காத்தாட்டம் நின்னியன்னா கம்பைக் கீழ போட்டுட்டுப் போ."

இரண்டு பேரும் நின்றதில் கூட்டமும் பேச்சு ஓய்ந்து நின்றது. அந்த அமைதியில் நல்லதம்பியின் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது. பக்கத்தில் நின்ற சேக்காளியிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"அடி வாங்குததுல அவளை மிஞ்ச ஆள் கிடையாது வே. நான் பழக்கின உடம்புல்லா!"

ஆவுடைத்தாய் அவன் பக்கம் திரும்பவில்லை. திறந்திருந்த விலாவை மூடினாள். வலது கால் ஒரு சாண் பின்னால் போய் மண்ணில் அழுந்திற்று. தங்கத்தாய்க்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பயம்தான். இத்தனை வருஷமாக அவள் கேட்டுக்கொண்டிருந்த பயம்.

அதன் பிறகு நடந்தது ஆட்டம். கம்பும் கம்பும் மோதுகிற சத்தம் மூங்கில் காடு முறிகிற மாதிரி கேட்டது. தங்கத்தாய் தன்னிடம் இருந்த எதையும் மிச்சம் வைக்கவில்லை. ஆவுடைத்தாயும் வைக்கவில்லை. தங்கத்தாயின் கம்பு அவள் முழங்கையில் ஒரு கோடு இழுத்தது. ஆவுடைத்தாய் அதைப் பொருட்படுத்தாமல் உள்ளே புகுந்து, சுழன்று, கீழே வீசப்போவதாகக் காட்டி, கீழே தடுக்கப் போன தங்கத்தாயின் நெற்றி நடுவே நுனியால் ஒரு தொடு தொட்டாள். தேங்காய் உடைக்கிற பலத்தோடு வந்த கம்பு, கடைசி விரற்கடையில் அடங்கி, பொட்டு வைக்கிற அளவுக்குத்தான் பட்டது. அப்படி அடக்கத் தெரிந்தவள்தான் வித்தைக்காரி என்று தங்கத்தாய்க்குத் தெரியும். தோற்றுப்போனோம் என்று உறைத்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில் வந்த அழுகை. ஓடிப்போய் ஆவுடைத்தாயைக் கட்டிக்கொண்டாள்.

நம்பிராஜன் ஒரு பெஞ்சின் மேல் ஏறிநின்று பேச ஆரம்பித்தார். ஆவுடைத்தாயின் அம்மா கூட்டத்துக்குள் மாப்பிள்ளையைத் தேடினாள். அவன் நின்ற இடத்தில் மங்குஸ்தான் தோல்தான் கிடந்தது.

ஜட்கா வண்டி கிதிர் முகம்மது சாயங்காலம் வந்து மீதியைச் சொன்னார்.

"கடையத்து மாப்பிள்ளையா? எம் வண்டியிலதான் ஸ்டேஷனுக்குப் போனாரு. 'வெரசா ஓட்டும் வே, வெரசா ஓட்டும்'னு வழி முழுக்க ஒரே நச்சரிப்பு. பின்னால வேற திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டாரு. ஏதும் புலி கிலி வருதோன்னு நானும் பயந்துட்டேன்."

ஆவுடைத்தாயின் அம்மா மைதானத்திலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். மற்ற தாய்மார்கள் தேற்றவில்லை. அவரவர் பெண்ணைத் தோளோடு அணைத்துக்கொண்டு, ஏதோ தொற்று வியாதி கண்ட இடத்தை விட்டுப் போவதுபோல நகர்ந்தார்கள். வந்த புருஷனைத் துரத்தின மண் வரப்போகிற புருஷனை விடுமா? விஷயம் தென்காசிக்கு அவர்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது.

மறுநாள் சாயங்காலம் களம் வெறிச்சென்று கிடந்தது. நம்பிராஜன் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, அடுத்த ஆண்டு விழாவில் எதைப் பேசுவது என்ற கவலையோடு மில்லுக்குள் போய்விட்டார். அண்ணாவி ஓரமாகக் குந்தி, போயிலையை வாயில் அதக்கிக்கொண்டு சும்மா இருந்தார். தங்கத்தாய் மட்டும் கம்பைப் பிடித்துக்கொண்டு களத்தின் நடுவில் நின்றாள். இனி ஆவுடைத்தாயை அவள் அம்மா வீட்டை விட்டு வெளியே விடமாட்டாள். விட்டாலும், அவளே எந்த முகத்தோடு வருவாள்? ஆட்டத்துக்கு ஆசைப்பட்டு ஒரு குடும்பத்தின் வாயில் மண்ணைப் போட்டோமே என்று தன்னையே நொந்துகொண்டாள்.

ஓலைத் தட்டி விலகிற்று. ஆவுடைத்தாய் வந்தாள். கண் வீங்கியிருந்தது. முழங்கையில் மஞ்சள் பத்து. வந்தவள் மூலையில் போய் ஒரு கம்பை எடுத்துக்கொண்டு எதிரே வந்து நின்றாள்.

தங்கத்தாய் கம்பைத் தூக்கவில்லை. 

"ஏளா, ஒண்ணு சொல்லணும். ஒன் வாழ்க்கை போச்சேன்னு நேத்து ராத்திரி முழுக்க அழணும்னு பாத்தேன். அழுகை வரலை. நீ போகலைன்னு எனக்குச் சந்தோஷமா இருக்கு. பாவிதான் நான். என்னைய மன்னிச்சிரு."

 ஆவுடைத்தாய் தட்டிக்கு வெளியே யாரும் நிற்கிறார்களா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"எனக்குந்தான். எங்க அம்மைகிட்ட சொல்லிராத."

சொல்லிவிட்டு வலது காலைப் பின்னால் வைத்து ஊன்றிக்கொண்டாள். "ம், கம்பைத் தூக்கு" என்றாள்.